டிரைவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்

அம்மாவின் தலைக்கு மேல் ஒரு தகரப் பலகை இருந்தது. 'டிரைவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்.' எல்லா பஸ்களிலும் இருந்த பலகைதான். மற்ற டிரைவர்கள் அதன் கீழே உட்கார்ந்துகொண்டு ஊர்க்கதை பேசினார்கள். அம்மா ஒருத்திதான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டாள். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டினாள். ஸ்டியரிங்கில் கை இருக்கும்போது அவள் வாய் திறந்ததில்லை. அந்தத் தடத்தில் வழக்கமாக வருகிறவர்கள் அவளுக்கு 'ஊமை டிரைவர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த அப்பா குறுக்கே புகுந்து, "அப்படிங்களா? கொடுத்து வச்ச புருஷன்" என்றாராம். சும்மா இருக்காமல் அதை வீட்டுக்கு வந்து சொல்லவும் செய்தார். அம்மா ஊமை இல்லை என்பது அன்று மாடி வீடு வரை கேட்டது.

அப்பா பல் செட் செய்பவர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து, மெழுகில் வார்த்து, ராவி, மெருகேற்றிக் கொடுப்பார். புதிதாக யாரைப் பார்த்தாலும், "இந்த ஊர்ல பாதிப் பேர் சிரிக்கிறது என்னாலதான்" என்பார். அவருக்கு வாய் சும்மா இருக்காது. தூணைப் பிடித்து நிறுத்தியும் கதை சொல்வார்.

அப்படிப்பட்டவர் தினமும் காலையில் அம்மாவின் பஸ்ஸில்தான் பட்டறைக்குப் போவார். வாசலை ஒட்டிய முதல் சீட். மடியில் சாப்பாட்டு டப்பா. அந்த ஒரு பயணம் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இறங்கும்போது ஒரு தடவை இருமுவார். அம்மா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவாள். அவ்வளவுதான். 'போய்ட்டு வரேன்', 'சரி' இரண்டும் அதிலேயே முடிந்தது. என் பள்ளி அவருடைய பட்டறைக்கு அடுத்த நிறுத்தம். அதனால் இதை நான் வருடக்கணக்காகப் பார்த்தேன். காலையில் வீட்டில் தொடங்கிய சண்டையை அப்பாவால் பஸ்ஸில் தொடர முடியாது. சாயங்காலம் திரும்பி வரும்போது எதற்காகச் சண்டை என்பது இருவருக்குமே மறந்திருக்கும். எங்கள் வீட்டுச் சண்டைகள் பெரும்பாலும் அந்தப் பலகைக்குக் கீழேதான் செத்துப்போயின.

வீட்டில் வண்டி கிடையாது. குடும்பத்துக்கே இலவச பாஸ் இருந்தது. அண்ணன் கல்லூரியில் சேர்ந்தபோது பைக் கேட்டான். அம்மா, "என்கிட்ட நாப்பது சீட்டு வண்டி இருக்கு. உனக்கு எதுக்குடா ரெண்டு சீட்டு?" என்று முடித்துவிட்டாள்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அம்மாவும் அப்பாவும் பஸ் ஏறினார்கள். எங்கே என்று கேட்டேன். "சும்மா. கடைசி ஸ்டாப் வரைக்கும்" என்றாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பயணிகளாக, பக்கத்துப் பக்கத்து சீட்டில், பேசிக்கொண்டே போவார்கள். அப்பா எப்போதும் அவளுடைய நல்ல காதின் பக்கம் உட்காருவார். அவள் ஓட்டிய பழைய பஸ்களில் என்ஜின் டிரைவர் சீட்டை ஒட்டி, ஓர் இரும்பு மூடிக்குள் இருந்தது. பகல் முழுக்க அது ஒரே காதில் உறுமியது. அந்தப் பக்கக் காது பாதி போய்விட்டது. என்ஜின் சத்தம் இருக்கும் இடத்தில் மிச்சப் பாதியும் கேட்காது. ஜன்னல் பக்கத்துக் கை மற்றதைவிட இரண்டு மடங்கு கறுத்திருந்தது. கையைக் காட்டி, "இது டூட்டி, இது லீவு" என்பாள்.

அந்த ஊர்சுற்றல் ஒன்றரை வருடம் நடந்தது. பிறகு அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன், தடி. தட்டையான இடத்தில் நடந்தார். பஸ் படி ஏற முடியவில்லை. முன்னறை ஜன்னலோரம் ஒரு நாற்காலி அவருக்கென்று ஆகிவிட்டது. அண்ணன் வீடு நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி. அங்கே பிறந்த பேத்தியை அப்பா போனில் மட்டும்தான் பார்த்திருந்தார். வாடகைக் கார் ஒருமுறை எடுத்தார்கள். பாதி வழியில் திருப்பச் சொல்லிவிட்டாள் அம்மா.

"வேற ஒருத்தன் ஓட்ட, நான் பின்னால உக்காந்து வெறுந்தரையில பிரேக் மிதிக்கிறதா? கால் வீங்கிப் போச்சுடி."

"வண்டி சத்தத்துல நான் சொன்னது ஒண்ணும் அவளுக்குக் கேக்கல. சுவத்துக்கிட்ட பேசின மாதிரி இருந்துச்சு" என்றார் அப்பா. அவருக்கு அதுதான் பெரிய வருத்தம்.

ஒரு நாள் அம்மா போன் செய்தாள்.

"ஒரு வண்டி பாத்து வச்சிருக்கேன். உன் ஆளு."

"என் ஆளா?"

"பேட்டரி வண்டி. உன் டிபார்ட்மென்ட்தானே. வந்து பாத்து சொல்லு."

நான் பேட்டரிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். வண்டி, அம்மா மாத்திரை வாங்கும் மருந்துக்கடைக்காரருடையது. எட்டு வருடம் ஓடிய சின்ன மின்சாரக் கார். அவருக்கு மூன்றாவது குழந்தை பிறந்திருந்தது. பெரிய வண்டி வாங்கப்போகிறார். கேள்வி எளிமையானது: இந்தக் கார் இவர்கள் இருவரையும் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமா? அதற்கான பதில் பேட்டரியில் இருந்தது. அதை அளக்க எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டிப் பார்த்தோம். நானும் மருந்துக்கடைக்காரரும் பின்னால். ஸ்டியரிங்குக்குக் கீழே என் கருவியைச் செருகி, போனில் அளவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா முன் சீட்டில் முதலில் பின்புறத்தை வைத்தார், பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்தார். படி இல்லை. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பியதும் அவளுடைய இடது கால் கிளட்சைத் தேடி வெறுந்தரையை மிதித்தது. கை கியருக்குப் போயிற்று. ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்புகிறவரைப் போல மடிக்கு வந்தது. முதல் திருப்பத்தில், பின்னால் முப்பதடி நீளம் வருகிறது என்ற நினைப்பில், சாலையின் மறு ஓரம்வரை போய் வளைத்தாள். மருந்துக்கடைக்காரர் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இது சின்ன வண்டிம்மா."

அம்மா பதில் சொல்லவில்லை.

"ஓட்டும்போது பேச மாட்டாங்க" என்றேன்.

"கோபமா?"

"இல்லீங்க. போர்டு" என்றார் அப்பா. மருந்துக்கடைக்காரருக்குப் புரியவில்லை.

இரண்டு தெரு தாண்டி ஒரு வேடிக்கை நடந்தது. பஸ் நிறுத்தம் வந்தது. அம்மா இண்டிகேட்டர் போட்டாள், ஓரம் கட்டினாள், வரிசையில் முதலில் நின்ற பெரியவருக்கு நேராக முன்கதவு வரும்படி நிறுத்தினாள். அவர் குனிந்து ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"ஸ்டேஷன் போகுமா?"

அப்பா கண்ணாடியை இறக்கினார். "போகுங்க. ஆனா நின்னுட்டு வர இடமில்ல."

அம்மா சட்டென்று வண்டியை எடுத்தாள். அவள் கழுத்து சிவந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் சிரிப்பை இருமலாக மாற்ற முயன்று தோற்றார். நான் அளவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை நன்றாக இல்லை.

அப்பா வெளியே பார்த்தபடி, தனக்குத்தானே சொல்வதைப் போல முணுமுணுத்தார். "பாவம், ஏத்திட்டே வந்திருக்கலாம்."

"ஏத்தினா நீங்க பேசியே அந்த மனுஷனைக் கொன்னுருப்பீங்க" என்றாள் அம்மா.

என்ஜின் உறுமல் இல்லை. டயர் தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா மெல்லத் திரும்பினார். அவர் உட்கார்ந்திருந்தது அவளுடைய கெட்ட காதின் பக்கம்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அந்தக் காதுலயா?"

"அதுலதான்." பிறகு அவளுக்கே தான் செய்தது உறைத்திருக்க வேண்டும். "நீங்க பேசுங்க. நான் கேக்கிறேன். பதில் நிக்கும்போது சொல்றேன்" என்றாள். கடைக்குத் திரும்பும் வரை வாய் திறக்கவில்லை. அப்பா வாய் மூடவில்லை.

வீட்டில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். புதிதாக இருந்தபோது பேட்டரியில் இருந்த கொள்ளளவில் அறுபத்தெட்டு சதவீதம்தான் மிச்சம். முழுக்க ஏற்றினாலும் நூறு கிலோமீட்டரைத் தாண்டாது. குளிர் காலத்தில் இன்னும் குறையும். ஒரு பக்கத்துச் செல்கள் மற்றவற்றைவிட வேகமாகத் தளர்கின்றன. வேண்டாம் என்றேன். போனில் இருந்த அண்ணனும் அதையே சொன்னான். இரண்டு வருடம் பொறுத்தால் நல்லதாகவே வாங்கலாம் என்றான்.

"ரெண்டு வருஷம்" என்றார் அப்பா. தடியைப் பார்த்துக்கொண்டார்.

அம்மா கேட்டாள், "நடுவுல வண்டி நின்னா தள்ளணுமா?"

"அப்படி இல்லம்மா. பாதி வழியில சார்ஜ் போட்டே ஆகணும். அதுவும் இது பழைய மாடல். முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் நிக்கணும்."

"நிப்போம்."

"ஒவ்வொரு தடவையும்மா. போகும்போதும், வரும்போதும்."

"ஏன்டி, எத்தனை வருஷம் ஊரான் இறங்குறதுக்கும் ஏறுறதுக்கும் நின்னிருக்கேன். அப்பல்லாம் உங்கப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசினேனா?" அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இந்த வண்டில அவசரமா இறங்க வேண்டியவங்க யாரும் இல்லையே."

நான் சொன்ன அளவுகள் சரி. இன்றும் சரி. ஆனாலும் அந்த வாரமே வண்டி வீட்டுக்கு வந்தது. அம்மாவுக்கு அறுபது வயதில் முதல் வண்டி.

ஒருமுறை நானும் கூடப் போனேன். பாதி வழியில், ஒரு டயர் கடைக்குப் பின்னால் இரண்டு சார்ஜர்கள். ஒன்று எப்போதும் பழுது. எதிரே வெறும் வயல், ஒரு மின்கம்ப வரிசை. பார்க்க ஒன்றுமில்லை. அம்மா கேபிளை மாட்டினாள். டிக்கியிலிருந்து இரண்டு மடக்கு நாற்காலியை எடுத்துப் போட்டாள். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். பிறகு வழியெல்லாம் அப்பா பேசியதற்கு வரிசையாகப் பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

"பாலம் ஏறும்போது கேட்டீங்களே, அது அவ தம்பி இல்ல, சித்தப்பா பையன். அப்புறம், பெட்ரோல் பங்க்கிட்ட சொன்னது, அது வடிகட்டின பொய். நீங்க அன்னிக்கு அந்தக் கல்யாணத்துக்கு வரவே இல்ல."

"வந்தேன்."

"வரல. பல் செட் அவசரம்னு போய்ட்டீங்க. மாப்பிள்ளையோட தாத்தாவுக்குத்தான் அந்த செட்டே."

அப்பா யோசித்தார். "அப்ப நான் வராட்டியும் என் பல்லு வந்திருக்கு."

அம்மா டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கு இவர்கள் பழக்கமாகியிருந்தார்கள். குளிர் நாட்களில் தன் கடைக்குள் நாற்காலி போடச் சொல்வாராம். பேத்தியைவிட அந்தச் சார்ஜரைத்தான் இவர்கள் அதிகம் பார்க்கப் போகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு ஆறி, திரும்பச் சூடாகிக் காத்திருக்கும்.

இரண்டு வருடம் அப்படி ஓடியது.

அம்மா போய் ஐந்து மாதம் ஆகிறது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வண்டி வெளியே சார்ஜில் இருந்தது. பிளக்கைப் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை. காரியமெல்லாம் முடிந்து நான் போய்ப் பார்த்தபோது, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நூறு சதவீதம்.

வண்டி இப்போது என்னிடம். எனக்கும் இதுதான் முதல் வண்டி. பேட்டரி அறுபத்தொன்றுக்கு வந்துவிட்டது. அண்ணன் விற்றுவிடச் சொல்கிறான். நல்லதாக ஒன்று வாங்கினால் ஒரே மூச்சில் வந்துவிடலாமே, அப்பாவுக்கு எதற்கு நடுவழியில் அலைச்சல் என்கிறான். அவன் சொல்வதும் சரிதான்.

போன மாதம் அப்பாவை அவன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அப்பா முன் சீட்டில், மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பாலம் ஏறினோம். பெட்ரோல் பங்க் தாண்டியது. ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய பஸ்ஸில் போவதைப் போலவே இருந்தார்.

டயர் கடைக்குப் பின்னால் நிறுத்தினேன். கேபிளை மாட்டினேன். நாற்காலி இரண்டையும் போட்டேன். டயர் கடைக்காரர் வெளியே வந்து என்னைப் பார்த்தார், டிரைவர் சீட்டைப் பார்த்தார், அப்பாவின் தோளில் கை வைத்துவிட்டு உள்ளே போனார்.

அப்பா டீயைப் பாதி குடித்திருப்பார். "உங்கண்ணன் விக்கச் சொல்றானா?"

"ஆமாப்பா. புதுசு வாங்கலாங்கிறான். வீட்டுல ஏறினா அவன் வாசல்ல இறங்கிக்கலாம்."

"நிக்காமயேவா?"

"நிக்காம."

டம்ளரைக் கீழே வைத்தார். வயலைப் பார்த்தார். ஒரு தடவை இருமினார்.

"உங்கம்மா பஸ்ல நான் மொதல்ல ஏறின கதை உனக்குத் தெரியுமா?" என்றார். "தப்பான பஸ் அது. நான் போக வேண்டியது வேற பக்கம். ஏறினப்புறம்தான் தெரிஞ்சுது. கேக்கலாம்னு முன்னால போனா, போர்டு..."

எண்பது சதவீதம் ஆகிவிட்டது என்று போன் அதிர்ந்தது. அதற்குமேல் ஏற்றுவது இந்தப் பேட்டரிக்கு நல்லதல்ல.

"கிளம்பணுமா?" என்றார் அப்பா.

"இன்னும் ஏறணும்ப்பா. நீங்க சொல்லுங்க" என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.