சுற்றும் ஆற்றில் ஒரு தூக்கம்

மே மாதம் பதினாறாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வெயில் முப்பத்து நான்கு டிகிரி. பாசிர் ரிஸ் பேருந்து நிறுத்தத்தில் நான் இறங்கி நின்றபோது எதிரே இருந்த மழைமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். அசைந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

கையில் நீர் விளையாட்டுப் பூங்காவுக்கான நுழைவுச்சீட்டுகள் மூன்று இருந்தன. அவற்றுக்கு அன்றுதான் கடைசி நாள். ஒன்று மகளுக்கு, ஒன்று ஐந்து வயதுப் பேத்திக்கு, மூன்றாவது எனக்கு. நான் தண்ணீரில் இறங்குவேன் என்று யாரும் நினைக்கவில்லை. பைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் சீட்டு வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அன்று விடியும்போதே பேத்திக்கு உடம்பு கொதித்தது.

"போனா போகட்டும் லா அத்தா," என்றாள் மகள். "கிளினிக் போகணும். இப்ப டிக்கெட்டா பெரிசு?"

"மூணும் வீணாப் போகுமே."

"அப்ப நீங்க போயிட்டு வாங்க. ஒண்ணாவது மிஞ்சும்."

கிண்டலுக்குத்தான் சொன்னாள். நான் எழுந்து சட்டையை மாட்டியதும் சிரிப்பதா தடுப்பதா என்று தெரியாமல் நின்றாள். பேத்தி போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "நன்னா, சுத்துற ஆத்துல மிதங்க. ஒண்ணுமே செய்ய வேணாம். சும்மா படுத்தா அதுவே கூட்டிட்டுப் போகும்."

நான் கிளம்பியதற்குச் சீட்டு மட்டும் காரணமில்லை. மகளின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக முப்பத்தோர் ஆண்டு வேலை பார்த்தவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவதுதான் தொழில். வேலை போன பிறகும் எண்ணுவது போகவில்லை. அந்தக் காலம் முழுதும், அதற்குப் பிறகும், லிட்டில் இந்தியாவில், விடியுமுன்பே லாரிகள் வந்து சரக்கு இறக்கும் தேக்கா சந்தைக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டை விற்றுவிட்டு, பாசிர் ரிஸ்ஸில் பதின்மூன்றாவது மாடியில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வந்த அன்று அவள் என் அறை ஜன்னலைத் திறந்து காட்டி, "எவ்வளவு அமைதி பாருங்க அத்தா. இங்க நல்லாத் தூங்கலாம்," என்றாள். தூரத்தில் கடல் தெரிந்தது. அடிவானக் கோட்டில் நின்ற கப்பல்கள் பதினான்கு.

அந்த நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. படுத்தால், கேஸை மூடினோமா என்று தோன்றும். எழுந்து பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். மறுபடி படுத்தால் கதவு. அதன் பிறகு எண்ண ஆரம்பித்துவிடுவேன். எண்ணினால் தூக்கம் வரும் என்கிறார்கள், எனக்குக் கணக்குத்தான் வந்தது. நான் நடக்கும் சத்தத்தில் மகள் விழித்துக்கொள்வாள். பால் சூடாக்கித் தருவாள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. விடிவதற்குள் கிளம்ப வேண்டும். மருமகன் கப்பலில் இருப்பவன், வருடத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. அவள் கண்களுக்குக் கீழே கருப்பு விழுந்துவிட்டது. போன வாரம் ரத்தக் குப்பி ஒன்றில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டு, நல்ல வேளையாகத் தானே கண்டுபிடித்தாள். அதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால் லிட்டில் இந்தியாவில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தேன். தெரிந்தவர் ஒருவரின் மின்சாமான் கடைக்கு மேலே, ஒரு கட்டில் போடும் அளவுக்கு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள். சொல்லாமல் இருந்தால் இன்னும் எத்தனை குப்பிகளில் பெயர் மாறுமோ.

இந்த யோசனையோடுதான் பூங்கா வாசலில் நின்றேன். சீட்டைப் பார்த்த பெண், "அங்கிள் மட்டுமா? மத்த ரெண்டு பேரு?" என்றாள்.

"காய்ச்சல்."

"ரெண்டு பேருக்குமா?"

"ஒருத்திக்குக் காய்ச்சல். ஒருத்தி அவளோட அம்மா."

உள்ளே போனதும் முதல் சிக்கல். பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்கக்கூடாதாம். நீச்சல் துணிதான் வேண்டுமாம். பக்கத்திலேயே கடை வைத்திருந்தார்கள், வைக்காமல் இருப்பார்களா? கடைக்காரப் பெண் எடுத்துக் காட்டியதெல்லாம் தொடையோடு நின்றது.

"முட்டி மூடணும்மா," என்றேன்.

அவள் உள்ளே போய்த் தேடி, முழங்காலுக்குக் கீழே இறங்கும் ஒன்றைக் கொண்டுவந்தாள். நீல நிறத்தில் அன்னாசிப் பழங்கள் போட்டது. முப்பத்திரண்டு வெள்ளி தொண்ணூறு காசு. வலது காலில் ஒன்பது பழம், இடது காலில் எட்டு. அதைப் போட்டுக்கொண்டு, எழுபத்து மூன்று வயதில், வெயிலில் வந்து நின்றேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவே ஒரு மாதிரி இருந்தது.

பெட்டக வாடகை நான்கு வெள்ளி. கடிகாரம், தொலைபேசி, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் அதில் வைத்துப் பூட்டி, பூட்டியதை இழுத்துப் பார்த்து, நான்கு அடி போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தேன். கண்ணாடி இல்லாததால் பூங்கா முழுதும் தண்ணீரில் கரைத்த வண்ணம்போல் ஆகிவிட்டது. சறுக்குக் குழாய்கள் மேலே சிவப்பும் மஞ்சளுமாக வளைந்து கிடந்தன. அவற்றின் வாயிலிருந்து குழந்தைகள் கத்திக்கொண்டே வந்து விழுந்தார்கள். யார், எத்தனை பேர், ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும்தான்.

மிதவை வளையத்துக்கு ஆறு வெள்ளி. சுற்றும் ஆறு இடுப்பளவு ஆழம்தான். நடுவில் செடிகள் வைத்த திட்டு, அதைச் சுற்றிக்கொண்டே ஓடும் தண்ணீர், குறுக்கே ஒரு சின்னப் பாலம். பாலத்தடியில் உயரமான நாற்காலியில் அகலத் தொப்பி போட்ட பெண் காவலர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் வளையத்தில் ஏறப் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"அங்கிள், முதல்ல குந்துங்க, அப்புறம் காலைத் தூக்குங்க. கட்டில்ல படுக்கிற மாதிரி லா."

"கட்டில்லதானே பிரச்சினை," என்றேன். அவருக்கு விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே வளையத்தைத் தள்ளிவிட்டார்.

முதல் சுற்றில் பெட்டகச் சாவி கையில் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். இரண்டாவது சுற்றில் பேத்தியின் காய்ச்சல். மூன்றாவதில் கடைக்கு மேலிருந்த அறை: அதன் ஜன்னல் எந்தப் பக்கம், கட்டில் போட்டால் கதவு திறக்குமா. ஒவ்வொரு முறை பாலத்தின் நிழல் முகத்தில் விழும்போதும் ஒன்று கூட்டிக்கொண்டேன். பூங்காவின் நடுவே கோபுரத்தில் பெரிய வாளி ஒன்று இருந்தது. அது நிரம்பி வரும்போது மணி அடிக்கும். கீழே நிற்பவர்கள் எல்லாரும் ஓவென்று கத்துவார்கள். வாளி கவிழ்ந்து தண்ணீர் இடிபோல் விழும். அதையும் எண்ணினேன். பாலம் ஐந்து, வாளி மூன்று. பாலம் ஆறு.

வெயில் இமைகளுக்குள் சிவப்பாக இறங்கியது. முதுகுக்கடியில் தண்ணீர் வளையத்தை எங்கோ கொண்டு போயிற்று. ஒலிபெருக்கியில் பாட்டு, காவலரின் ஊதல், யாரோ ஒரு தாய் தன் பிள்ளையை மாண்டரினில் திட்டும் சத்தம், தகரக் கூரைமேல் கல் கொட்டுவதுபோல் ஏதோ ஒன்று. வாளியின் மணி அடித்தது. லாரி பின்னால் வருகிறது, தள்ளி நில்லுங்கள் என்று நான் யாரிடமோ சொன்னேன். காய்கறிக் கூடைகளைத் தரையில் போட்டார்கள். கோழிக்கடைக்காரர் இரும்புக் கதவைத் தூக்கினார். ஞாயிற்றுக்கிழமை போலிருக்கிறது, துவாஸ் தொழிலாளர் விடுதிகளிலிருந்து வந்தவர்கள் சாலை நிறைய நின்று ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் துறைமேடையில் பலகையும் பென்சிலுமாக நின்றேன். பாரந்தூக்கி வலையை இறக்கியது. வலையில் மூட்டைகள் இல்லை, மஞ்சள் வளையங்களில் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்று எழுதினேன். குழந்தைகள் தண்ணீர்மேல் இறங்கித் தங்கள் பாட்டுக்குப் போனார்கள். நாற்பத்தேழு. என் மனைவி கூடையோடு அந்தப் பக்கம் வந்து, என்னைப் பார்த்து, சந்தையில் இறால் இல்லை என்றாள். சரி என்றேன். நாற்பத்தேழு. பென்சில் மிதந்து போயிற்று. நான் அதை எடுக்கப் போகவில்லை.

எதுவோ வளையத்தைத் தட்டியது. கண் திறந்தால் அகலத் தொப்பி.

"அங்கிள், எந்திரிங்க. காலு வெந்து போச்சு பாருங்க."

"மணி என்ன?"

"ரெண்டே முக்கால். நான் சாப்பிடப் போறப்ப தூங்கிட்டு இருந்தீங்க, வந்து பாத்தா அப்பவும் தூங்குறீங்க. குறட்டை வேற. ஒரு சீனப் பாட்டி பயந்துட்டாங்க."

"ஏன் எழுப்பல?"

"எழுப்ப மனசு வரல லா. இந்தச் சத்தத்துல ஒரு மனுஷன் இப்படித் தூங்கி நான் பாத்ததே இல்ல. ஒவ்வொரு சுத்துலயும் வயிறு ஏறி இறங்குதான்னு மட்டும் பாத்துக்கிட்டேன்."

"எத்தனை சுத்து?"

"அதை வேற எண்ணணுமா? எனக்கு வேலை இல்லையா அங்கிள்?"

பாலம் ஆறு வரை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எத்தனை என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. அது என்னைத் தொந்தரவு செய்யும் என்று காத்திருந்தேன். செய்யவில்லை.

உடை மாற்றி, உளூச் செய்து, மரத்தடியில் துண்டை விரித்து லுஹர் தொழுதேன். மாலை அசர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. பாதங்கள் இரண்டும் எரிந்தன. உணவுக்கடையில் எட்டரை வெள்ளிக்கு மீ கோரேங் நூடுல்ஸ், இரண்டரை வெள்ளிக்குத் தண்ணீர் வாங்கி, வாளி கவிழ்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். சாப்பிடும்போதே தலை சாய்ந்தது. முள்கரண்டியோடு தூங்கியிருப்பேன்.

வாசலைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். பின்னால் கூச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, வளைவில் திரும்பியதும் நின்றுவிட்டது. காலையில் பார்த்த அதே மரம், அதே அசையாத இலைகள். அந்த அமைதியில் என் கண்கள் அகலத் திறந்துகொண்டன. உடனே, வீட்டில் கேஸை மூடினார்களா என்று தோன்றியது.

நிறுத்தத்தில் உட்காராமல் நின்றேன். நாற்பது வருடம் நான் எதில் தூங்கினேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வீட்டுக்குப் போகாமல் ரயிலேறி லிட்டில் இந்தியா போனேன். நிலையத்து மருந்துக்கடையில் கால் எரிச்சலுக்குக் களிம்பு, பதினோரு வெள்ளி அறுபது காசு. மின்சாமான் கடைக்காரர் என் கால்களைப் பார்த்தார்.

"என்ன பாய், தீ மிதிச்சீங்களா?"

"தூங்கிட்டேன்."

"எங்க, ரோட்டுலயா? சரி, ரூமுக்கு முன்பணம் கொண்டாந்தீங்களா?"

அவர் தலைக்குப் பின்னால் ஒரு நின்ற மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கூண்டு தளர்ந்து, ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கடகடவென்று அதிர்ந்து, ஒரு மூலையில் போய்ச் சற்று முனகித் திரும்பியது. போன வாரம் அறை பார்க்க வந்தபோதும் அது ஓடியது. அன்று அந்தக் கடை முக்காலியில் உட்கார்ந்தபடியே நான் கண்ணயர்ந்தது இப்போது ஞாபகம் வந்தது.

"ரூம் வேணாம் தம்பி. இந்தக் காத்தாடி என்ன விலை?"

"எது? இதா? இது விக்கிறதுக்கில்ல பாய், கடையோடது. புதுசு வந்திருக்கு பாருங்க, சத்தமே வராது."

"சத்தம் வரணும்."

"பாய், நெசமாவே வெயில் தலைக்கு ஏறிடுச்சு."

"இருபது வெள்ளி."

"பாய், இத நானே குப்பையில போடலாம்னு இருந்தேன்." ஒரு நொடி யோசித்தார். "முப்பது."

இருபத்தைந்துக்கு முடிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ரயிலில் போக முடியாது. பாசிர் ரிஸ்ஸுக்கு டாக்சி இருபத்து நான்கு வெள்ளி முப்பது காசு. ஓட்டுநர் வழியெல்லாம் கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பேத்திக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. "ஆத்துல மிதந்தீங்களா நன்னா?" என்றாள். மிதந்தேன் என்றேன். எத்தனை சுற்று என்றாள். தெரியாது என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"என்ன அத்தா இது? யாரு வீட்டுக் குப்பை?" என்றாள் மகள். நான் என் அறையில் அதை வைத்து ஓடவிட்டேன். கடகடகட, முனகல், கடகடகட. பேத்தி காதைப் பொத்திக்கொண்டு, "லாரி வருது!" என்று குதித்தாள். இரவு இஷா தொழுதுவிட்டுப் படுத்தேன். கேஸ் என்று நினைக்க ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது. மூடினோமா என்பது ஞாபகம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை என்னை எழுப்பியது மகளின் கூச்சல். அறைக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முடி கலைந்திருந்தது, கன்னத்தில் தலையணைத் தையல் பதிந்திருந்தது.

"அத்தா! நீங்க ஏன் நடக்கல? நீங்க நடப்பீங்கன்னு நான் அலாரமே வைக்கல! ஆறேகால் ஆச்சு!"

அவள் கண்களைப் பார்த்தேன். கருப்பு அப்படியேதான் இருந்தது, ஒரே நாளில் போய்விடாது. ஆனால் கண்கள் தூங்கி எழுந்த கண்கள். டாக்சியில் ஏற்றிவிட்டு, அந்தக் காசையும் நானே கொடுத்தேன், பத்தொன்பது வெள்ளி. பேருந்துக்கும் ரயிலுக்கும் போனதை நான் சேர்க்கவில்லை. அது முதியோர் அட்டையில் கழிவது. அன்னாசிப் பழத் துணியிலிருந்து அவள் டாக்சி வரை, ஆக மொத்தம் நூற்று முப்பத்து மூன்று வெள்ளி எண்பது காசு.