வெர்லின் மூன்றாம் முறை எழுதிய பரீட்சை

வெர்லின் கோம்ஸுக்கு வயது ஐம்பத்திரண்டு. வலி மாத்திரைப் பழக்கத்தால் அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பக்கத்து மாவட்டச் சிறையில் பதினோரு மாதம் கிடந்தவள். இப்போது அதே சிறையில் போதைப் பழக்கமுள்ள பெண்களுக்கு ஆலோசகர். ஆலோசகர் என்றால் பயிற்சியில் இருப்பவள்தான். சான்றிதழ்ப் பரீட்சையில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வியிருந்தாள். ஜூனுக்குள் தேறாவிட்டால் வேலை போய்விடும் என்று சிறை அதிகாரி வருத்தத்தோடுதான் சொன்னார்.

படிக்காமல் தோற்கவில்லை, பாவம். மனசுக்குப் பட்டதைக் குறித்துத் தோற்றாள். கைதி பரிசு கொடுத்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, நன்றி சொல்லி வாங்கிக்கொள்வேன் என்றே இரண்டு முறையும் குறித்தாள். ஆசையாகக் கொடுக்கிற கையை யாராவது தள்ளுவார்களா!

சேதி தெரிந்ததும் அவள் நடத்திய ஆலோசனைக் குழுவிலிருந்த பதினான்கு ஆரஞ்சுக் கைதி உடுப்புப் பெண்களும் அவளுக்கு வாத்தியாராகிவிட்டார்கள். தினமும் குழு முடிந்ததும் பத்து நிமிஷம் கேள்விப் புத்தகம். மாத்திரைக்காகக் கள்ளச் செக் எழுதி உள்ளே வந்த ஓப்பல்தான் தலைமை வாத்தியார்.

"மிஸ் வெர்லின், உங்க மனசு என்ன சொல்லுதுன்னு இங்க யாரும் கேக்கல. புக்கு என்ன சொல்லுது, அதைச் சொல்லுங்க" என்று மிரட்டுவாள்.

பரீட்சைக் கூடத்து வாசலில் காவலுக்கு இருந்த பெண் சட்டைப்பையைக் காலி செய்யச் சொன்னாள். வெர்லின் காலி செய்துவிட்டு, சிறைச் சோதனைப் பழக்க தோஷத்தில் சுவரில் கையை ஊன்றிக் காலை அகட்டி நின்றுவிட்டாள். அதெல்லாம் வேண்டாம், உள்ளே போய் உட்காருங்கள் என்று அந்தப் பெண் திகைத்துப்போய்ச் சொன்னாள். வெர்லினுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பாதிப் பயம் அதிலேயே போயிற்று. பரீட்சை முடிந்து கணினித் திரையில் 'தேர்ச்சி' என்று வந்ததும் உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள்.

மறுநாள் குழு அறை மேஜையில் ஒரு கேக் இருந்தது. சிறைக் கடையில் ஆளுக்கொன்றாகத் தேன் பன் வாங்கி, பிசைந்து அழுத்தி, மிட்டாயால் அவள் பெயரும் எழுதியிருந்தார்கள். வெர்லின் ஆவலாகக் கையை நீட்டினாள்.

ஓப்பல் கைகட்டி நின்றாள். "கைதி பரிசு கொடுத்தா என்ன செய்வீங்க?"

வெர்லின் கையை இழுத்துக்கொண்டாள். "வாங்கக் கூடாது. மனசு நோகாம மறுக்கணும். ஃபைல்ல எழுதணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஓப்பல் கேக்கைத் தன் பக்கம் நகர்த்தி, பிளாஸ்டிக் கரண்டியால் பதினைந்து பங்கு போட்டாள்.

"சரியான விடை. ஆனா இது ஆலோசகருக்கு இல்ல. இங்க பதினோரு மாசம் இருந்துட்டுப் போனாளே ஒருத்தி, அவளுக்கு."

வெர்லின் துணுக்கு மிச்சமில்லாமல் தின்றாள். அப்புறம் ஃபைலிலும் எழுதினாள்.