அண்ணியின் வீடியோ பெட்டி

என் வீட்டுக் கூடத்தில் துணி போர்த்திக் கிடக்கும் மரப்பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லாத ஆளில்லை. மேலே டிவி, கீழே வீடியோ டெக், பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரி. என் அண்ணி செய்தது. நான் இருக்கும்வரை அது அங்கேதான் இருக்கும்.

எண்பதுகளில் அண்ணி மலேசியாவின் ஈப்போவில் வீடியோ கடை வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு வேனில் போய்ப் படம் போடுவார். தோட்டத்துக்கு மின்சாரம் தரும் எஞ்சினை அதன் காவலாள் தன் நேரத்துக்கு நிறுத்திவிட்டுப் போய்விடுவார். கதாநாயகி கதறிக்கொண்டிருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. நாடா டெக்குக்குள் சுற்றியபடியே மாட்டிக்கொள்ளும். செம்மண் பாதையில் வேன் குலுங்கி வீடு சேர்வதற்குள் கசங்கிப்போகும். அண்ணியின் பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் நின்றதும் திரை அணைந்து, சின்ன பேட்டரியின் சக்தி முழுவதும் டெக்குக்குப் போகும். நாடா தானாகக் கேசட்டுக்குள் சுருண்டு வெளியே வந்துவிடும்.

ஊரில் ஒரு பெரிய கடை அதே பெட்டியைப் பார்த்துச் செய்து விற்கத் தொடங்கியதும், நான் தட்டச்சராக இருந்த வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அண்ணி வந்தார். வழக்கறிஞர் காப்புரிமைக்கு எழுதினார். டவுனில் வளர்ந்தவர் அவர். ‘இரண்டும் ஒரே பெட்டியில்’ என்பதையே பெரிதாக எழுதி, மின்சாரம் நிற்கும் சங்கதியை ஒரு வரியில் முடித்துவிட்டார். தோட்டத்தில் பிறந்த எங்களுக்கோ எஞ்சின் நிற்பது சொல்லித் தெரியவேண்டிய விஷயமே இல்லை. அதனால் நாங்களும் விளக்கவில்லை. தெரிந்த இரண்டு பொருள்களைச் சேர்ப்பது யாருக்கும் தோன்றக்கூடியது, உரிமை தர முடியாது என்று காப்புரிமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது.

எனக்கு வந்த கோபத்தில் தட்டச்சுப் பொறியை உடைத்திருப்பேன். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“யாருக்கும் தோணும்னா இத்தன வருசமா ஏன் லா தோணல? அந்தக் கடைக்காரனுக்கு என் பொட்டியப் பாத்தப்புறந்தானே தோணுச்சு? எஞ்சின் நின்ன எடத்துல டேப்ப வச்சுக்கிட்டு முழிச்சது நானு!”

வழக்கறிஞர் நிமிர்ந்தார். “எஞ்சின் நின்னுச்சா? அத மொதல்ல சொல்லுங்க.”

அண்ணி சொல்லி முடித்ததும் அவர் பேனாவை எடுத்தார். “பொட்டிய விட்டுருங்கம்மா. ஒண்ணா வைக்கிறத யாரும் செய்யலாம். டிவிய அணைச்சு டேப்ப வெளிய தள்ளுதே, அதுதான் உங்களுது. அத மட்டும் கேப்போம்.”

“பொட்டியும் என்னுதுதான்,” என்றார் அண்ணி. “சரி, எழுதுங்க.”

அந்த ஒன்றுக்கு உரிமை கிடைத்தது. அந்தக் கடை நாடாவைத் தள்ளும் வசதியை மட்டும் விட்டுவிட்டு, வெறும் பெட்டியைத் தொடர்ந்து விற்றது. பாதிதான் கொடுத்தார்கள் என்ற ஆத்திரம் எனக்கு இன்றும் தீரவில்லை.

அண்ணி காலமாகிச் சில வருடங்களாகின்றன. போன வாரம் அவர் மகன், எஞ்சினியர், பெட்டியைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான். “இதுல என்னா அத்த இருக்கு? யாருக்கும் தோணுமே.”

புது பேட்டரி வாங்கி மாட்டச் சொன்னேன். பழைய நாடாவைப் போட்டுப் படம் ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கினேன். திரை இருண்டது. உள்ளே ஏதோ முனகியது. நாடா ஒரு கசங்கலும் இல்லாமல் வெளியே வந்து நின்றது.

“உனக்குத் தோணுச்சா?” என்று கேட்டேன்.