பல் தடம் பட்ட பட்டன்கள்

என் சின்னம்மா ரோசலின் சாகும்வரை பயந்தாங்கொள்ளிதான். எலி ஓடினாலே “யேசுவே!” என்று நாற்காலியில் ஏறிவிடுவாள். அதைப் பார்த்துச் சிரிப்பவர்களிடம் 1943-இல் நடந்ததை நான் சொல்வேன். அப்புறம் சிரிக்க மாட்டார்கள்.

அப்போது அவள் மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தாள். புருஷன் டொமினிக்குக்குத் தண்டவாள வேலை. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்து லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தான். போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை. அடுத்த லோரியில் டொமினிக் பேரும் இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே, ஆள் பிடிக்கும் ஆபீசர் அவள் வாசலில் வந்து நின்றான். அந்த வரிசையில் தையல் மிஷின் இருந்தது அவள் வீட்டில்தான். பழைய சட்டை ஒன்றையும் புதுத் துணியையும் நீட்டி, இதே மாதிரி தைக்கச் சொன்னான். இடது கையைக் காற்சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அவன் போனதும் சட்டையை விரித்தாள். பட்டன் ஓரமெல்லாம் பல் தடம். பாவி மனுஷன், கடித்து இழுத்துத்தான் பட்டன் போடுகிறான்! இடது கை விளங்கவில்லை, அதை ஊருக்கு மறைக்கிறான். சின்னம்மா தன் இடது கையை முந்தானையால் இறுகக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால் அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தாள். மூன்றாவது பட்டனில் அழுகையே வந்துவிட்டதாம்.

புதுச் சட்டையில் பட்டன்களைச் சும்மா பார்வைக்கு வைத்துத் தைத்தாள். அடியில் பிரஸ் பட்டன். உள்ளங்கையால் அழுத்தினால் போதும், வெளியே ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்தில் பிரஸ் பட்டனுக்கு எங்கே போவது? தன் ரவிக்கைகளிலிருந்து பிய்த்தெடுத்துக்கொண்டு, ரவிக்கையை ஊக்கால் குத்திக்கொண்டாள்.

டொமினிக்குக்கு உதறல் எடுத்துவிட்டது. “பைத்தியமா புள்ள ஒனக்கு? அவன் ஒளிக்கிறத நீ கண்டுபிடிச்சிட்டேன்னு காட்டுறியா? தலைய சீவிருவான்!”

“தெனம் தன் சட்டையவே கடிக்கிறாருங்க அந்த ஆளு. தெரிஞ்சும் அப்படியே தைச்சுக் குடுக்க எனக்கு மனசு வரலைங்க” என்றாள். சொல்லும்போதே பல் தந்தியடித்தது.

ஆபீசர் வந்தான். சட்டையோடு திரைக்குப் பின்னால் போனான். சின்னம்மாவுக்கு மூத்திரம் முட்டியது. கழுத்துவரை பூட்டிய சட்டையோடு அவன் வெளியே வந்து அவளைப் பளாரென்று ஓர் அறை விட்டான்.

“யாருக்குத் தெரியும்?” என்று அரைகுறை மலாயில் கேட்டான்.

“யாருக்கும் தெரியாது, துவான்.”

ஊக்குக் குத்தியிருந்த அவள் ரவிக்கையைப் பார்த்தான். பிறகு, “என்ன வேண்டும்?” என்றான்.

புருஷன் பேரைச் சொன்னாள். தலையாட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் மத்தியானம் பேர் வாசித்தார்கள். டொமினிக் பேர் இல்லை. கர்த்தரே என்று கும்பிடப் போன சின்னம்மாவின் கை பாதியில் நின்றது. லோரிக்கு ஆள் குறையக் கூடாதாம், அந்த இடத்தில் பக்கத்து வீட்டுக் கன்னையா பேரை வாசித்தார்கள்.

சாயங்காலம் கன்னையாவின் பெண்சாதி மாரியாயி அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். “அக்கா, அங்க ஒரே மழையாம். நாளைக்குப் போறதுக்குள்ள இவருக்கு ஒரு சட்டை தைச்சுக் குடுங்கக்கா. ஆளு மனசு அறிஞ்சு தைக்கிறவங்க நீங்கதான்லா.”

சின்னம்மா அளவெடுக்க எழுந்தாள். நாடா கையில் நிற்கவில்லை, இரண்டு தரம் கீழே விழுந்தது. கன்னையா குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

“பயப்படாதீங்கக்கா” என்றான். “போயிட்டு வந்துருவேன்.”