மருந்துக்கடைக்காரர் கொடுத்த யானை

பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவள் செஸ் ஆடிக் கோப்பை கோப்பையாக வாங்குவாள் என்று யாராவது சொல்லியிருந்தால், முதலில் அவளே சிரித்திருப்பாள். ஆனால் வாங்கினாள். ஒரே வருஷத்தில் மூன்று போட்டி, மூன்றிலும் முதலிடம்.

செஸ் கிளப்புக்கு அவளைக் கூட்டிப்போனவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவர். அங்கே அவர் பழைய ஆள். வாரம் தவறாமல் போய், வாரம் தவறாமல் தோற்றுவிட்டு வருகிறவர். அவள் ஜெயிக்க ஆரம்பித்ததும், "இவர் அவங்க வீட்டுக்காரர்" என்றுதான் எல்லோரும் அவரை அறிமுகப்படுத்தினார்கள். அவரும் சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பை அவள் நம்பினாள், பாவம்.

சாப்பாடு முடிந்ததும் சமையலறை மேசையில் பலகையை விரிப்பார்கள். பெரிய பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களைப் போனில் பார்த்து அவர் காய் நகர்த்துவார். ஏன், எதற்கு என்று அவள் குடைந்தெடுப்பாள். மனதில் தோன்றும் எந்தக் கிறுக்குத்தனத்தையும் கூச்சமில்லாமல் சொல்ல அவளுக்கு இருந்த ஒரே இடம் அது. கோப்பைகளெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நாலாவது போட்டியின் கடைசி ஆட்டம் அதே கிளப்பில் ஆடும் மருந்துக்கடைக்காரரோடு. ஒரு சாம்பியனின் ஆட்டத்திலிருந்து அவருக்கென்றே ஒரு திட்டம் எடுத்துவைத்தார்கள். அதில் ஓட்டை கண்டுபிடித்தவர் கணவர்தான்.

"இங்க அவர் யானையை வெட்டக் குடுத்தார்னா நீ காலி. ராஜாவுக்கு ஓட வழியே இல்ல" என்றார். பிறகு, "யாருக்கும்மா இது தோணப்போகுது, தைரியமா ஆடு" என்று தேற்றினார். முகமெல்லாம் பூரிப்பு.

மறுநாள் கிளினிக்கில் கூட்டமில்லாத நேரத்தில் அந்தச் சாம்பியனின் ஆட்டத்தை அவள் போனில் மறுபடி பார்த்தாள். ராஜாவின் பக்கத்து ஓரச் சிப்பாய் ஒரு கட்டம் முன்னே போயிருந்தது. வீட்டில் அவர் அதை நகர்த்த மறந்திருக்கிறார். சிப்பாய் விட்ட கட்டத்துக்குள் ராஜா நுழைந்துகொள்ளலாம். ஓட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. சொன்னால் மனுஷன் முகம் வாடிவிடும் என்று அவள் வாயைத் திறக்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு காய்க்கும் கன்னத்தில் கைவைத்து யோசிக்கிறவர். அன்று யோசிக்கவே இல்லை. மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி மளமளவென்று ஆடினார். அந்த இடம் வந்தது. பலகையைச் சரியாகப் பார்க்காமலேயே யானையைக் கொடுத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவளுக்குப் பகீர் என்றது. பயம் இல்லை. அங்கே யானையைக் கொடுக்கலாம் என்று நினைக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். திரும்பிப் பார்த்தாள். பார்வையாளர் வரிசையில் அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யானையை வெட்டினாள். கறுப்பு ராணி வந்து செக் வைத்தது. ராஜாவை ஓரக் கட்டத்துக்குள் நகர்த்தினாள். மருந்துக்கடைக்காரருக்கு அப்போதுதான் சிப்பாய் கண்ணில் பட்டது. கொடுத்த யானை வீண், ஆட்டமும் போயிற்று. அவர் முறைத்தது அவளை இல்லை, அவள் கணவரை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டாள்: "ஏங்க அவர்கிட்ட போய்ச் சொன்னீங்க?"

"எத்தனை நாளைக்கு உன் பையைத் தூக்கிட்டு பின்னாலயே வர்றது? ஒரே ஒரு தடவை நீ தோக்கணும்னு நெனச்சேன்."

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே! நானே தோத்துத் தொலைச்சிருப்பேன்!"

தோற்றிருக்க மாட்டாள், அது அவளுக்கும் தெரியும். வயிற்றெரிச்சலில் வாயில் வந்தது அதுதான். துரோகம் செய்தவரை வெளியே போ என்று சொல்லலாம். புருஷனை எங்கே போகச் சொல்வது? அழுது முடித்துவிட்டுச் சாதம் போட்டாள். அவரும் கண் கலங்கியபடியே சாப்பிட்டார்.

பிறகு அவரே மேசையைத் துடைத்துப் பலகையை விரித்தார். "இனிமே சத்தியமா இப்படி நடக்காது. வாம்மா, உட்காரு."

உட்கார்ந்தாள். அவர் போனைப் பார்த்துப் பார்த்துக் காய்களை நகர்த்தினார். இந்த முறை ஒரு சிப்பாய்கூட விட்டுப்போகவில்லை.

"இந்த இடத்துல நீயா இருந்தா என்ன ஆடுவே?"

குதிரையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது.

"தெரியலீங்க" என்றாள்.