நின்றபடியே இருந்த பாட்டில்

என் சமையலறை ஜன்னலில் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் மணி பிளான்ட் வளர்கிறது. அதன் லேபிள் எப்போதோ தண்ணீரில் ஊறி உரிந்துவிட்டது. வருகிறவர்கள் எண்ணெய் பாட்டில் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கப்பலில் இன்ஜினியராக இருந்த என் கணவர் லீவுக்கு எங்கள் கொல்கத்தா லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்தபோது, பிரான்சிலிருந்து இனிப்பு ஒயின் இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். குடி என்ற சொல்லையே குரலைத் தாழ்த்திச் சொல்லும் குடும்பத்தில் பிறந்தவள் நான். பௌதி என்று நாங்கள் கூப்பிடும் மாடி வீட்டு வங்காளி அண்ணி பார்த்துவிடுவாளோ என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் எவர்சில்வர் தம்ளரை நீட்டினேன். கொடியிலேயே வாடிச் சுருங்க விட்ட திராட்சையில் செய்தது, குளிரவைத்து உதட்டை நனைப்பது போலக் குடிக்க வேண்டும் என்று அவர் பாடம் நடத்தினார். இனிப்போடு இனிப்பு சேரும் என்று கரியாஹாட் கடைத்தெருவில் வாங்கிய சந்தேஷ் என்ற பால் இனிப்பையும் தட்டில் அடுக்கியிருந்தார். சந்தேஷைத் தின்றுவிட்டுக் குடித்தால் ஒயின் வெறும் புளிப்பு. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று வாயை மாற்ற டப்பாவைத் திறந்து ஒரு தட்டையைக் கடித்தேன். அடுத்த வாய் குடித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உப்புக்கும் காரத்துக்கும் மேலே அந்த இனிப்பு எழுந்து வந்தது. திகட்டப்போகிறது என்று நினைக்கும்போதே புளிப்பு வந்து நாக்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. அவர் ஆப்ரிகாட், பீச் என்று நான் கண்ணால் பார்த்திராத பழங்களைச் சொன்னார். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன்: "மொதல்ல தேன்ல ஊறின பலாச்சுளை. முழுங்கினப்புறம் நாரத்தங்காத் தோல்." அவர் சிரித்த சிரிப்புக்கு பௌதி கதவைத் தட்டாததுதான் ஆச்சரியம். அந்த லீவு முழுக்கத் தட்டை சுட்டே என் கை ஓய்ந்தது.

இரண்டாவது பாட்டிலை மகளின் கல்யாணத்துக்கு வைத்தோம். தாலி கட்டி முடிந்த சாயங்காலம் நாங்கள் இருவர் மட்டும் குடிப்பது என்று பேச்சு. ஷோகேஸில், ஜப்பான் பொம்மைக்கும் கொலுச் செட்டியாருக்கும் நடுவே, லேபிள் தெரிய நிறுத்திவைத்தோம். கப்பல்காரர் வீடுகளில் வெளிநாட்டுச் சாமான் அப்படித்தான் இருக்கும். படுக்கவைக்காவிட்டால் கார்க் காய்ந்துவிடும் என்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. கொல்கத்தாவின் கோடைகளை எல்லாம் அது நின்றபடியே கழித்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். ரேடியேஷன் அவர் நாக்கின் ருசியை எடுத்துக்கொண்டு, நோயை விட்டுவிட்டது. ரசமும் வெந்நீரும் ஒன்றுதான் என்பார். மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணம் வரை தாங்காது என்று அவருக்குத் தெரிந்த அன்று, பாட்டிலை எடுத்து வரச் சொன்னார். வாயெல்லாம் புண், ஒரு சொட்டு பட்டாலும் எரியும்.

"எனக்கு வேண்டாம். நீ குடி. எப்படி இருக்குன்னு சொல்லு, போதும்."

கார்க் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பொன் நிறமாக இருந்திருக்க வேண்டியது, பால் விடாத டீ போல கிளாசில் விழுந்தது. வாயில் வைத்ததுமே காடி வாடை. அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கெட்டுப்போச்சு என்று எப்படிச் சொல்வேன்? தேனில் ஊறின பலாச்சுளை என்றேன். அப்புறம் நாரத்தங்காய்த் தோல் என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து கிளாசின் நிறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ சொல்றது மொத பாட்டில்," என்றார். "பரவால்ல. இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். அந்த வருஷம் துர்கா பூஜைப் பந்தல் போடுவதற்கு முன்பே போய்விட்டார்.

மகள் கல்யாணத்தன்று சாயங்காலம், மாப்பிள்ளை வாங்கிவந்த இனிப்பு ஒயினில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு சமையலறைக்குள் வந்தேன். தட்டையைக் கடித்துக்கொண்டு குடித்தேன். கெடாத ஒயின், நன்றாகக் குளிர்ந்திருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பலாச்சுளை, அப்புறம் நாரத்தங்காய்த் தோல் என்று வாய்விட்டுச் சொன்னேன். இந்த முறை சொன்னதெல்லாம் உண்மை. எதிரே அவருடைய முதல் பாட்டிலும் அதில் ஒரு கொடியும்தான் இருந்தன.