முன்பே யாரோ திறந்த பக்கம்

கறகற. கற. கறகற.

போன கிழமை பல் வைத்தியரின் வரவேற்பறையில், மேசைக்குக் கீழே கிடந்த ஒரு கிழட்டுக் கணினி இப்படிக் கறகறத்தது. உள்ளே ஹாட் டிஸ்க் எதையோ தேடும் சத்தம். இன்றைய கணினிகள் ஊமைகள்; அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பல வருடங்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். பல் பிடுங்கும் பயமென்று பக்கத்துக் கதிரைக்காரர் நினைத்திருப்பார். பல் இல்லை ஐயா. அஜின்கோர்ட்.

தொண்ணூறுகளின் பின்பாதி, எங்கள் சனம் வந்து குடியேறிய குளிர்நகரப் பகுதி அது. ஒரு மளிகைக் கடைக்கும் ரோல்ஸ் பொரிக்கும் கடைக்கும் நடுவே ஒரு கணினி வகுப்பு. அங்கே நான் படிப்பித்தேன். காலை வகுப்பில் எல்லோரும் பெண்கள்: அலுவலக வேலை ஒன்று கிடைத்தால் தொழிற்சாலைக் குளிரிலிருந்து தப்பலாம் என்று வந்தவர்கள். பத்துக் கணினி, ஒரே ஒரு போன் லைன். பத்துப் பேரும் ஒன்றாக இணையத்துக்குள் போனால், ஒரு படம் நெற்றியில் தொடங்கி நாடிக்கு வந்துசேர வகுப்பே முடிந்துவிடும்.

எனக்குப் பொறுமை கிடையாது, அன்றும் இன்றும். ஒரு அலுவலகம் கழித்துவிட்ட கணினியைத் தூக்கி வந்தேன். மூன்று ஞாயிறு அதனோடு மல்லுக்கட்டி லினக்ஸ் ஏற்றினேன். பத்துக் கணினியும் வெளியே போவதற்கு அதுவே வாசல். அந்த வாசலிலேயே ஒரு களஞ்சியமும் வைத்தேன்: ஒருத்தி பார்த்த பக்கத்தை அது தன்னிடம் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும், அடுத்தவள் அதையே கேட்டால் வெளியே போகாமல் உள்ளிருந்தே எடுத்துக் கொடுக்கும். ஊரில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் சீனியும் மண்ணெண்ணெயும் ஒளித்து வைத்துப் பழகிய சனம் அல்லவா, உடனே பெயர் வைத்துவிட்டார்கள்: பதுக்கல் பெட்டி.

முதல் நாள் ஒருத்தி செய்திப் பக்கமொன்றைத் திறந்தாள். மோடத்தில் விளக்கு மினுங்கி மினுங்கி ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. பக்கத்திலிருந்தவள் அதையே திறந்தாள். கறகற. பொத்தென்று முழுப்பக்கம். வகுப்பு கை தட்டியது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. வகுப்பின் சொந்தக்காரரான அண்ணையிடம் பெருமை பேசினேன்: “அண்ணை, கறகற எண்டால் ஆரோ ஏற்கெனவே பாத்த பக்கம். சத்தமில்லாமல் லைட் மட்டும் மினுங்கினால் புதுசு.” வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அவர் அதைச் சொல்லிக் காட்டினார். வாயைக் கொடுத்தது நான்தான்.

அந்தப் பெட்டி ஒரு நாட்குறிப்பும் எழுதும்: எந்தக் கணினி, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம். ஒரே ஒரு வரியை மாற்றி அதை நிறுத்தினேன். ஆட்களின் பட்டியல் ஒருவன் கையில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று கண்ட இடத்திலிருந்து வந்தவள் நான். என் பெட்டி எழுதாது. அவ்வளவுதான்.

நாலாவது கணினியில் இருந்தவளுக்கு விரல்கள் பறக்கும். ஒரு நாள் சின்ன விரலில் கட்டோடு வந்தாள். “கார்க் கதவு நசிச்சுப் போட்டுது அக்கா.” அடுத்த மாதமும் கார்க் கதவு. மூன்றாம் முறை நான் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. ஒற்றைக் கையால் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது அவளுடைய கணவன் வந்து நேரே அண்ணையிடம் போனான். கையில் ஒரு கடதாசித் துண்டு.

“அண்ணை, இது அவளின்ரை கொப்பிக்குள்ளை கிடந்தது. இஞ்சை உதுதானோ படிப்பிக்கிறியள்?”

துண்டில் பெரிய ஆங்கில எழுத்துகளில் ஒரு இணைய முகவரி. வீட்டை விட்டு வரும் பெண்களுக்கு இடம் கொடுக்கும் விடுதி ஒன்றுடையது.

அண்ணை என்னைப் பார்த்தார். “தங்கச்சி, ஆர் பாத்தது எண்டு பெட்டியிலை இருக்குமெல்லோ?”

“இல்லை அண்ணை. அதை நான் எழுத விடேல்லை.”

“ஏன் விடேல்லை?”

“டிஸ்க் நிறைஞ்சிடும்.”

அண்ணை மடையர் அல்ல. மூக்குக் கண்ணாடியை மாட்டி, ஒற்றை விரலால் அந்த முகவரியைத் தானே அடித்தார். விளக்கே மினுங்கு, விளக்கே மினுங்கு என்று எனக்குள் கத்தினேன்.

கறகற. பொத்தென்று பக்கம்.

“ஆரோ பாத்திருக்கினம்,” என்றார் அண்ணை. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்போடு அவன் வீட்டுக்குப் போனால் இந்தமுறை விரலோடு நிற்காது. வகுப்பும் நிற்கும், அவள் தப்பிப் போகிற வழியும் நிற்கும்.

“நான்தான் பாத்தனான்,” என்றேன்.

“நீரோ? உமக்கேன் உது?” என்று அண்ணை கேட்டார்.

“ஏன், எனக்குப் புருஷன் இல்லையோ? அந்தத் துண்டும் நான் எழுதினதுதான். கொப்பி திருத்தேக்கை உள்ளை வைச்சு மறந்திட்டன். தாரும் இஞ்சை.”

அவன் தரவில்லை. “உங்கடை வீட்டுக்காரருக்கு உது தெரியுமோ அக்கா?”

“நம்பர் தரட்டோ? எடுத்துச் சொல்லும்.”

சொன்னான், ஊர் முழுக்க. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் என் கணவர் பிளேற்றைப் பார்த்தபடியே கேட்டார்: “இஞ்சாரும், நீர் என்னை விட்டுட்டுப் போறீராம். அடுத்த பட்டினம் பிறம்ரனிலையிருந்துகூடப் போன் வந்தது. போறதெண்டால் உந்தக் கோழிக்கறியை வைச்சிட்டுப் போம்.” சிரித்து முடித்து நடந்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை அண்ணை வாசலிலேயே நின்றார். “உப்பிடியான பக்கங்களை மறியும் தங்கச்சி.”

“மறிக்க மாட்டன்.”

“அப்ப ஆளை மாத்த வேண்டி வரும்.”

“மாத்துங்கோ. பெட்டி நிண்டுபோனால் ஆரைக் கூப்பிடுவியள்?”

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரோல்ஸ் வாங்கப் போய்விட்டார்.

அன்று வகுப்பு முடிந்ததும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அந்த விடுதி, மற்ற விடுதி, பார்க்டேலில் ஒன்று, இலவச வழக்கறிஞர், வாடகைச் சட்டம், பிள்ளையை யார் வைத்திருக்கலாம் என்கிற சட்டம். ஒவ்வொன்றாக, சலிக்காமல், நானே திறந்தேன். மினுங்கட்டும். நிறையட்டும். இனி அந்தப் பெட்டி எதற்குக் கறகறத்தாலும் எவளையும் காட்டிக்கொடுக்காது. கேட்கிறவன் வந்து கேட்கட்டும்: எல்லாவற்றையும் பார்த்தவள் நான்.

மூன்று கிழமை கழித்து, பட்டப்பகல் பதினொரு மணிக்கு, வகுப்பின் நடுவே அவள் எழுந்தாள். தோளில் வழமையான பைதான், கொஞ்சம் புடைத்திருந்தது. பஸ் தரிப்புவரை கூடப் போனேன்.

“அக்கா, ஒண்டு கேக்கட்டோ? அந்த விடுதிப் பக்கத்தை நான் முதல் முதல் திறந்த நாளே கறகற எண்டுதான் வந்தது. அவர் துண்டோடை வந்ததுக்கு ரெண்டு மாசம் முன்னம். முதலிலை பயந்து போனன். பிறகு யோசிச்சன், எனக்கு முன்னாலை ஒருத்தி பாத்திருக்கிறாள். அந்தத் தைரியத்திலைதான் மிச்சத்தையும் வாசிச்சனான். அது நீங்கள்தானே?”

“நான் இல்லை. அப்ப எனக்கு உந்தப் பக்கம் இருக்கிறதே தெரியாது.”

“அப்ப ஆர்?”

“தெரியாது. நான்தான் எழுத விடேல்லையே.”

சிரித்தாள். பஸ் வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்தபடி வகுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப உள்ளை இன்னொருத்தி இருக்கிறாள்.”

“ஓம். நீர் ஏறும். அவவை நான் பாத்துக்கொள்ளுறன்.”